மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள்

பெங்களூரில் வேலை பார்த்த நாட்களில் வாரத்தில் ஒரு சாயங்காலம் மட்டும் நான் வேறு ஆளாக இருந்தேன். ஹாஸ்டலில் என்னோடு தங்கியிருந்த மலையாளப் பெண் ஒருத்தி அழைத்துப்போய்ப் பழக்கிவிட்டது அது. ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவோம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். 'கோட்டைக் கதவு சாத்தியிருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?' என்று அவர் கேட்பார். செய்யப்போவதைச் சொல்லிவிட்டு இருபது முகமுள்ள பகடையை உருட்ட வேண்டும். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும், பெரிய எண் விழுந்தால் நடக்கும். அதற்குப் பிறகு என்ன என்பதை நாங்கள் சொல்ல வேண்டும். ரோல் பிளேயிங் கேம் என்பார்கள். ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது, ஒரே கதை மாதக்கணக்கில் ஓடும். ஆபீசில் யாரையும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத நான், அந்த மேசையில் ஓர் அரசனை அவன் சபையிலேயே பொய்யன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

கல்யாணம் என்னைத் திரும்ப ஊருக்கே கொண்டுவந்தது. சுரங்கம் மூடிப்போன எங்கள் தங்க வயலில் எல்லோரும் விடிவதற்கு முன் ரயில் பிடித்து பெங்களூர் போகிறார்கள், நான் எதிர்த்திசையில் வந்தேன். ஆண்டர்சன்பேட்டையில் கணவரின் வீடு. நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளி, அங்கே எட்டாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். கணவரும் மற்றவர்களைப் போல ரயில்காரர்தான். இருட்டில் போய் இருட்டில் வருவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சாப்பிட்டதும் அவர் படுத்துவிடுவார். தெருவே படுத்துவிடும். அந்த மத்தியானங்களில் காற்று அடித்தால் சுரங்கக் கழிவைக் கொட்டிய டம்ப் மேட்டு மண் ஜன்னல் விளிம்பில் வந்து படியும். நான் அதைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு நாள் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான், இங்கேயே ஒரு மேசை போட்டால் என்ன என்று தோன்றியது.

முதலில் கணவரைக் கேட்டேன். "தூங்கற கேரக்டர் ஒண்ணு இருந்தா குடு, நான் பண்றேன்" என்றார். அதற்கு மேல் அவரை வற்புறுத்தவில்லை.

நான்கு பேர் கிடைத்தார்கள். முதல் ஆள் என் பள்ளித் தோழி. பத்தாவது வரை ஒரே பெஞ்சு. பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். அவளோடு தினமும் ஒரே ரயில் பெட்டியில் போகிற, பக்கத்து ஸ்டேஷனான ஊரிகத்துப் பையன் இரண்டாவது. பையன் என்றாலும் கல்யாண வயசு. சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீட்டில் அப்பா அம்மாவோடு இருக்கிறான், கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற வேலை. மூன்றாவது, எங்கள் சர்ச் பாடகர் குழுவில் ஆல்ட்டோ குரல் பாடுகிற அக்கா. ஒரு தனியார் மருத்துவமனையின் லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிப்பவர். நான்காவது ஆளை நான் கேட்கவே இல்லை. ராபர்ட்சன்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவர், அவர் மகள் என் வகுப்பில் படித்தாள். பெற்றோர் கூட்டத்தன்று நான் வேறொரு டீச்சரிடம் இதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "டீச்சர், எங்கள மாதிரி ஆளுங்க வரலாமா?" என்றார். வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

கதையை நானே தமிழில் கட்டினேன். பெங்களூர் மேசையில் எல்லாம் டிராகன், பாதாளச் சிறை. ஊரிகத்துப் பையன் சுரங்கம் வையுங்கள் என்றான். லேப் அக்கா உடனே மறுத்தார். அவருடைய அப்பா அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப் போனவர். "ஞாயித்துக்கெழமயும் அதுக்குள்ள எறங்கணுமா? நம்ம ஊர்ல இல்லாதது எதுனா வையும்மா" என்றார். எங்கள் ஊரில் இல்லாதது தண்ணீர். அதனால் ஓர் ஆறு வைத்தேன். மலையிலிருந்து கடல் வரை ஓடுகிற பெரிய ஆறு, வருடத்துக்கு வருடம் வற்றிக்கொண்டே வருகிறது. ஏன் வற்றுகிறது என்று பார்க்க ஒரு படகு ஆற்றை எதிர்த்து மேலே போகிறது. லேப் அக்கா படகோட்டி. தோழி பாட்டுக்காரி. ஊரிகத்துப் பையன் திருடன். மருந்துக்கடை அண்ணனை வைத்தியராக இருக்கச் சொன்னேன். "நாள் முழுக்க அதத்தான் பண்றேன் டீச்சர்" என்று சொல்லி, பட்டாளத்தை விட்டு ஓடிவந்த சிப்பாய் ஆனார்.

ஞாயிறு மூன்று மணி என்று முடிவு செய்தோம்.

ஆரம்ப வாரங்களைப் பற்றி எழுதாவிட்டால், பிறகு நான் ஏன் அத்தனை மாதம் தொங்கிக்கொண்டிருந்தேன் என்பது யாருக்கும் புரியாது. ஆற்றில் ஒரு மதகுக் காவல். அதைத் தாண்டுகிற ஒவ்வொரு படகும் ஒரு குழந்தையைச் சுங்கமாகக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், மேலே மலையில் இருக்கிற அரசனுடைய உத்தரவு. படகில் ஒரு குழந்தை ஒளிந்திருந்தது. ஊரிகத்துப் பையன் பொய் சொல்லிப் பார்த்தான், பகடை விழவில்லை. தோழி பாடிப் பார்த்தாள். காவலன் குழந்தையின் கையைப் பிடித்துவிட்டான் என்று நான் சொன்னேன். கொடுத்துவிட்டுப் போனால் மேலே போய் மீட்கலாம், அதுதான் புத்திசாலித்தனம் என்று மற்ற மூன்று பேரும் பேசி முடித்துவிட்டார்கள். லேப் அக்கா பகடையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"குடுக்க மாட்டேன்" என்றார். "நானு படகக் கவுக்கறேன். எல்லாரும் தண்ணில வுழுங்க. யாரு யாரப் புடிச்சாங்கன்னு அப்பால பாக்கலாம்."

உருட்டினார். பத்தொன்பது விழுந்தது. யாரும் கத்தவில்லை. மருந்துக்கடை அண்ணன் மெதுவாகக் கைகளைத் தூக்கிக் கும்பிடுவது போல வைத்துக்கொண்டார். லேப் அக்காவின் முகம் சிவந்துபோயிருந்தது. வாரம் முழுவதும் மற்றவர்கள் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிக்கொண்டிருக்கும் அந்த அமைதியான மனுஷிக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பது, அவரை வருடக்கணக்காக சர்ச்சில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாது. அன்று அவர்கள் போனபின் காலி டம்ளர்களைக் கழுவும்போது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான்.

அது மாதிரி இன்னும் சில வாரம் நடந்தது. பிறகு ஆட்கள் குறைய ஆரம்பித்தார்கள்.

முதலில் தோழி ஒரு வாரம் வரவில்லை. சித்தி மகள் நிச்சயதார்த்தம், நியாயமான காரணம். அடுத்த வாரம் ஊரிகத்துப் பையன். காலையில் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வருவதாகப் போட்டிருந்தான். மூன்றரைக்குக் கூப்பிட்டால், "தோ வந்துகினே கீறேன்க்கா" என்றான். பின்னால் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. அன்று அவன் வரவில்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்டு ஒரு கரடிப் படம் அனுப்பினான். அதற்கடுத்த வாரம் இரண்டு பேரும் இல்லை. வண்டி பஞ்சர், வீட்டுக்கு விருந்தாளி, கிரிக்கெட் பைனல், தலைவலி, கிரகப் பிரவேசம், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் மறுக்க முடியாது. ஆனால் வரவில்லை என்பதை யாரும் முன்னால் சொல்வதில்லை. நீல டிக் விழுந்திருக்கும், கட்டை விரல் தூக்கிய படம் வந்திருக்கும், மூன்று மணிக்கு நாற்காலி காலியாக இருக்கும். இதுதான் என்னைத் தின்றது. முடியாது என்று சனிக்கிழமையே சொல்லிவிட்டால் நான் அதற்குத் தகுந்த மாதிரி கதையை மாற்றிக்கொள்வேன். திருடனுக்காக ஒரு பூட்டிய பெட்டியைப் பற்றி வாரம் முழுவதும் யோசித்து வைத்திருப்பேன். திருடன் ஊரிகத்தில் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருப்பான்.

வராதவர்களின் பாத்திரத்துக்கு ஜுரம் வந்து படகின் அடித்தட்டில் படுத்திருப்பதாக வைத்துக்கொண்டோம். ஒரு கட்டத்தில் மருந்துக்கடை அண்ணன், "டீச்சர், படகு மொத்தமும் ஜுரமா கீது, கடையிலருந்து மாத்திர எடுத்தாரட்டா?" என்றார். லேப் அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சல் அவர் மேலேயே திரும்பியதும் உண்டு. அவர் ஒரு வாரம் தவறியதில்லை. மூன்று மணி என்றால் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து, ஸ்கூட்டரை கேட் திறக்க முடியாதபடி நிறுத்துவார். ஆட்டத்தில் எதற்கெடுத்தாலும் விதி கேட்பார். படகில் எத்தனை மூட்டை அரிசி இருக்கிறது, சிப்பாயின் செருப்பு நனைந்தால் அவன் வேகம் குறையுமா என்பார். யாராவது உருக்கமாகப் பேசும்போது நடுவில் கடையிலிருந்து போன் வரும், மாத்திரையின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வார். வருகிறவர் இவராக இருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

என்னென்னவோ செய்து பார்த்தேன். வாராவாரம் என்பதை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆக்கினேன். அப்படிச் செய்ததில் எந்த வாரம் என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது. நேரத்தை ஐந்து மணிக்கு மாற்றினேன், அதில் லேப் அக்காவுக்கு சாயங்கால ஆராதனை தவறியது. போனில் வீடியோ போட்டு ஆடலாம் என்றேன். ஊரிகத்தில் நெட் நின்று நின்று வந்தது. தோழி கேமராவை அணைத்துவிட்டு வேறு ஏதோ செய்துகொண்டிருந்தாள். 'பாட்டுக்காரி என்ன செய்கிறாள்?' என்று மூன்று முறை கேட்ட பிறகு, "ஹான், சொல்லு" என்றாள். குரூப்பில் நீளமாக, கோபமில்லாமல் ஒரு செய்தி எழுதினேன். வர விருப்பமில்லை என்றால் தாராளமாகச் சொல்லலாம், தப்பே இல்லை என்று. மூன்று பேர் இதயம் போட்டார்கள். அந்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள்.

கணவருக்கும் எனக்கும் இதைப் பற்றி ஒரு தடவை சண்டை வந்தது. நான் வெங்காய பஜ்ஜிக்கு மாவு கரைத்து வைத்து, மருந்துக்கடை அண்ணனைத் தவிர யாரும் வராமல், மீதியைக் கணவருக்கே சுட்டுக் கொடுத்த நாள். நான் ஊரிகத்துப் பையனைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாக்கு என்றால் என்னவென்று தெரியாத தலைமுறை என்று கூடச் சொன்னேன் போல.

அவர் தட்டைக் கீழே வைத்தார். "ஆறு நாளு ரயில்ல கதவாண்ட நின்னுகினு போய்ட்டு வர்றான். ஏழாவது நாளு உன் படகுல வேற ஏறணுமா?"

வருவதாக அவன்தானே சொல்கிறான் என்றேன்.

"வரலன்னு சொன்னா நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கற. அதுக்கு வரேன்னுட்டு வராத இருக்கறது சுலபம். நானா இருந்தாலும் அதத்தான் பண்ணுவேன்."

அவர் சொன்னது சரியாக இருக்கலாம் என்பதே என்னை இன்னும் கோபப்படுத்தியது. ரயிலில் நிற்கிறவர்கள் களைத்துப்போகிறார்கள், அதில் பொய் இல்லை. வீட்டிலேயே பார்க்கிறேன். அதன் பிறகு நான் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டேன். களைப்புதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பழகினேன். அந்தச் சமாதானத்தில் சில மாதம் ஓடியது.

அந்தச் சமாதானம் ஒரு போட்டோவில் போனது. சனிக்கிழமை சாயங்காலம் தோழி ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். நீளமான மரமேசை, பெங்களூரில் ஏதோ போர்ட் கேம் கஃபே. மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். நடுவில் வரைபடம், பகடைகள், பெயின்ட் அடித்த சின்னச் சின்ன பொம்மைகள். தோழி கையில் ஒரு பகடையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால், வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தவன் ஊரிகத்துப் பையன். கீழே ஆங்கிலத்தில், எங்கள் வாராந்திர சாகசம் என்று எழுதியிருந்தாள். வாராந்திர என்கிற சொல்லை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மறைக்க வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை, இல்லாவிட்டால் நான் பார்க்கிற இடத்தில் வைத்திருக்க மாட்டாள். போன் செய்ததும் சகஜமாகவே பேசினாள். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ், முடிந்ததும் அங்கே போய்விடுவார்களாம். ஆரம்பித்து நாலைந்து மாதம் ஆகிறதாம். "உன்னாலதான் இதுல பைத்தியமே புடிச்சிது" என்றாள். அதை எனக்குப் பாராட்டாகத்தான் சொன்னாள். தசரா லீவில் நீயும் வந்து பார் என்றாள்.

போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

இரண்டு மணி ஆட்டத்துக்கு ஒன்றே முக்காலுக்கே இருவரும் அங்கே இருந்தார்கள். நான் ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். கதை நடத்துகிறவர் தாடி வைத்த இளைஞர், நல்ல குரல். கதை எனக்குச் சாதாரணமாகத்தான் பட்டது. டிராகன், புதையல், சாபம் பிடித்த வாள். ஆனால் நான் கதையைப் பார்க்கவில்லை. போன வாரம் எந்த இடத்தில் விட்டோம் என்று அவர் கேட்டதும் ஊரிகத்துப் பையன் மளமளவென்று முழுவதையும் ஒப்பித்தான். காவலாளியின் மனைவி பெயர் வரை அவனுக்கு நினைவிருந்தது. என் ஆற்றில் தான் எந்தக் கரையில் நிற்கிறோம் என்றே தெரியாதவன். தோழி ஒரு கிழட்டு மந்திரவாதியாக, தொண்டையைக் கரகரப்பாக்கி, ஆங்கிலத்தில் பேசினாள். மேசையே சிரித்தது. அவள் போன் பைக்குள் இருந்தது. நான்கு மணி நேரமும் அவள் அதை வெளியே எடுக்கவில்லை.

இடைவேளையில் தாடிக்காரர் என்னிடம் அன்பாகப் பேசினார். இரண்டு பேரையும் பற்றிக் கேட்காமலே சொன்னார். இந்த மேசையில் நம்பகமான ஆட்கள் என்றால் இவர்கள்தான், இவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு வாரம் கூடத் தவறியதில்லை என்றார். நான் தலையாட்டினேன்.

திரும்பும்போது ஊரிகத்துப் பையனுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, கதவுப் பக்கம் நின்றுகொண்டான். தோழியும் நானும் ஒரு சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். வைட்ஃபீல்டு தாண்டியதும் கேட்டேன். கோபமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், குரல் வேறு மாதிரி வந்தது. என் ஆட்டம் நன்றாக இல்லையா என்றேன்.

அவள் உடனே மறுத்தாள். உன் கதைதான் நல்ல கதை என்றாள். தாடிக்காரருக்கு அந்த மதகுக் காவலைச் சொன்னதாகவும் அவர் அசந்துபோனதாகவும் சொன்னாள். அப்புறம் ஏன் என்றேன்.

"தெரிலடி. அங்க இருக்கசொல்லோ எல்லாம் பண்ணணும்னு தோணுது. பங்காருப்பேட்ட தாண்டிச்சின்னா போதும், ஸ்விட்ச் ஆஃப் பண்ண மாதிரி ஆய்டுது. ஊருக்கு வந்தா படுத்துக்கத்தான் தோணுது. எங்கம்மாகிட்டகூட நானு பேசறதில்ல. உங்கிட்ட மட்டுமா?"

அவள் சமாளிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இதற்கு என்ன சொல்வது? இவளை என் வீட்டுக்கு வரவைக்க நான் கதையை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம், பஜ்ஜிக்குப் பதில் வேறு ஏதாவது சுடலாம். ஊரை எப்படி மாற்றுவது? நான் அவர்களைக் கூப்பிட்டது அவர்கள் தூங்குவதற்கென்று வைத்திருக்கிற இடத்துக்கு. எங்கள் ஊருக்கு ரயில் பிரிகிற பங்காருப்பேட்டை வந்தது. அவள் சொன்ன மாதிரியே, அங்கிருந்து கண்ணை மூடிக்கொண்டாள். கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டி ஊரிகத்தில் பையன் இறங்கும்போது, "ஞாயித்துக்கெழம பாக்கலாம்க்கா" என்றான். மறுநாள்தான் ஞாயிற்றுக்கிழமை. அவன் வரவில்லை.

லேப் அக்கா போனது வேறு விதம். அவர் மட்டும்தான் முறையாகச் சொல்லிக்கொண்டு போனவர். மருத்துவமனையில் ஞாயிறு டியூட்டி போட ஆரம்பித்தார்கள், ஆட்கள் நின்றுவிட்டதால். இரண்டு மாதம் மாற்றிக் கேட்டுப் பார்த்தார். பிறகு ஓசூரில் ஒரு பெரிய லேபில் வேலை கிடைத்து, அங்கேயே அறை எடுத்துக்கொண்டார். கிளம்புவதற்கு முன் சர்ச் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். தான் படகைக் கவிழ்த்ததைப் பற்றித் தன் தங்கையிடம் சொன்னதாகவும், தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். ஓசூரில் இது மாதிரி யாராவது ஆடுவார்களா என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

மிஞ்சியது நானும் மருந்துக்கடை அண்ணனும்.

இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஆடலாம், ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்களும் ஆடிப் பார்த்தோம். ஜுரத்தில் கிடக்கும் மூன்று பேரோடு ஒரு சிப்பாய் தனியாகப் படகு தள்ளிக்கொண்டு போனான். அவர் செருப்பைப் பற்றியும் அரிசியைப் பற்றியும் கேட்டார். நான் பதில் சொன்னேன். யாராவது வந்து குறுக்கே விழுந்து படகைக் கவிழ்க்க மாட்டார்களா என்று இருந்தது. அடுத்த அறையில் கணவர் தூங்குகிற சத்தம் கேட்கும். சபையில் ஓர் அம்மா, வாராவாரம் உங்கள் வீட்டுக்கு வருகிறவர் சொந்தக்காரரா என்று விசாரித்தார். அண்ணனுடைய வீட்டிலும் ஏதோ கேட்டிருக்க வேண்டும். ஒரு வாரம் தன் மைத்துனன் மகன்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே மூன்று தடவை பகடை உருட்டிவிட்டு, இதில் எப்போது சண்டை வரும் என்று கேட்டார்கள். மறுவாரம் அவர்கள் வரவில்லை. அண்ணன் வந்து, என்னவோ தானே தப்பு செய்த மாதிரி நின்றார்.

கிறிஸ்மஸுக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து குரூப்பில் எழுதினேன். ஞாயிறு ஆட்டத்தை நிறுத்திக்கொள்கிறேன், இதுவரை வந்தவர்களுக்கு நன்றி என்று இரண்டே வரி. அனுப்பி டீ குடிப்பதற்குள் பதில்கள் வந்துவிட்டன. அந்த குரூப்பில் அவ்வளவு வேகமாக எதற்கும் பதில் வந்ததில்லை. தோழி அழுகிற முகங்களை வரிசையாகப் போட்டு, ஏன்டி என்று கேட்டிருந்தாள். ஊரிகத்துப் பையன், இந்த வாரம் கண்டிப்பாக வருவதாக இருந்தேன் அக்கா என்று எழுதியிருந்தான். லேப் அக்கா ஓசூரிலிருந்து ஒரு வேத வசனம் அனுப்பியிருந்தார். எல்லோருக்கும் உண்மையிலேயே வருத்தம். அதை நான் சந்தேகப்படவில்லை. அந்த ஆட்டம் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது. அதற்கு வருவது வேறு விஷயம்.

மருந்துக்கடை அண்ணனிடமிருந்து மட்டும் பதில் இல்லை. அவர் குரூப்பைப் பார்க்கிற பழக்கமே இல்லாதவர் என்பது ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் முன்னாலேயே அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோதுதான் உறைத்தது. நான் கேட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "அப்பிடியா டீச்சர். செரி" என்றார். அப்படியே அனுப்ப மனம் வரவில்லை, உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன்.

அவர் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "கடேசில இன்னா ஆவும்? மேல யாரு இருக்கறது? நிறுத்திட்டீங்கன்னா இனிமே சொல்லலாமில்ல?"

அதை நான் கணவரிடம் கூடச் சொன்னதில்லை. ஒன்றரை வருடம் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, எப்போது எந்த வார்த்தையில் அவிழ்ப்பது என்று ரோட்டில் நடக்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். சொன்னேன். மலைமேல் அரசன் இல்லை. எப்போதோ செத்துப்போய்விட்டான். அரண்மனையில் காவலுக்கும் ஆள் இல்லை. அவன் கட்டிய அணை மட்டும் நிற்கிறது. கீழே மதகில் இருக்கிறவர்களுக்கு அவன் செத்தது தெரியாது, அதனால் குழந்தைகளை இன்னும் மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகள் அங்கே தாங்களாகவே வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். அணையின் கதவுக்குப் பூட்டு இல்லை. யார் போய்த் தள்ளினாலும் திறக்கும்.

சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் கூட ஆகவில்லை. அண்ணன் டம்ளரைப் பிடித்தபடி மேற்கொண்டு ஏதாவது வரும் என்று காத்திருந்தார்.

"இவ்ளோதானா டீச்சர்?"

குறையாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கே அது அவ்வளவு சின்னதாகத்தான் கேட்டது. கதவைத் திறந்ததும் படகோட்டி அந்தக் குழந்தைகளிடம் என்ன சொல்வாள், திருடன் காலி அரண்மனையில் எதை எடுப்பான், எதை எடுக்காமல் விடுவான் என்பதெல்லாம்தான் மீதிக் கதை. அது என்னிடம் இல்லை. என்னிடம் இருந்தது ஒரு மலையும் ஒரு கதவும் மட்டும்தான்.

சிப்பாய் என்ன செய்திருப்பான் என்று அவரைக் கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. அவர் நெற்றியைத் தடவி யோசித்தார். ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் கடையிலிருந்து போன். எழுந்து நின்று, ஒரு மாத்திரையின் பெயரை எழுத்துக்கூட்டினார். பேசி முடித்ததும், கடையில் பையன் தனியாக இருக்கிறான், போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கேட்டைச் சாத்திவிட்டு வந்து டம்ளரைக் கழுவினேன். கணவர் எழுந்து வந்து, வந்தார்களா என்று தூக்கக் கலக்கத்தில் கேட்டார். இல்லை என்றேன். அரையாண்டுப் பரீட்சைத் தாள்கள் கட்டுக் கட்டாக இருந்தன. மேசை காலியாக இருந்ததால் அதிலேயே பரப்பிக்கொண்டு திருத்த உட்கார்ந்தேன். இருட்டுகிற வரை திருத்தினேன். பாதிப் பேர் கேள்வி எண்ணையே தப்பாகப் போட்டிருந்தார்கள்.